மக்கள் என்போர் யாவர்? – பர்மாவின் சீர்திருத்தமும் இனப்பூசலும்

இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்னர்த் தமிழகத்து ஊர்களில் 'ரங்கூன்' என்பது அயல்நாட்டு நகரமொன்றின் பெயராகத் தோன்றியதில்லை. இன்று துபாய், சவூதி, குவைத் என்னும் பெயர்கள் லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் எத்துணை இயல்பாக வழங்குகின்றனவோ, அத்துணை இயல்பாக அன்று ரங்கூன், மோல்மேன், மாந்தலே என்னும் பெயர்கள் தமிழர் நாவில் வழங்கின. 'ரங்கூன் அரிசி', 'பர்மாத் தேக்கு' என்னும் சொற்களைப் பெரியோர் இன்றும் மறந்திலர்.

இவ்வுறவு ஆங்கிலேயர் காலத்தில் மட்டும் முளைத்ததன்று. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கி ஆண்ட முதலாம் இராசேந்திரனின் கடற்படை, 1025ஆம் ஆண்டையொட்டி வென்றதாக மெய்க்கீர்த்தி கூறும் இடங்களுள் மாப்பப்பாளமும் ஒன்று. அது கீழைப் பர்மாவின் கரையைச் சார்ந்ததென ஆய்வாளர் சிலர் கருதுவர். படை சென்ற வழியில் மீண்டது, வணிகமோ நிலைத்தது. பௌத்த அரசின் தலைநகராக விளங்கிய பாகனில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்குச் சேர நாட்டு மாகோதையார்பட்டினத்தைச் சார்ந்த ஒருவர் அளித்த கொடையை அது குறிக்கின்றது. பௌத்த மன்னரின் நகரில், மலைமண்டலத்தார் ஒருவர், தமிழில், திருமாலுக்கு அறம் செய்தார். அயலாரை ஏற்கும் மனம் அம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய நாட்டில் 2011ஆம் ஆண்டு படைத்துறையின் அரவணைப்போடு புதிய அரசொன்று அமைந்தது. சீர்திருத்தங்களை அறிவித்தது. உலகம் வியந்து நோக்கியது. பத்தே ஆண்டுகளில் யாவும் சரிந்தன. ஏன் சரிந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாங்லாங்கில் பிறந்த வாக்குறுதி

பர்மா ஒரே இனத்தார் வாழும் நாடன்று. ஐராவதி ஆற்றுச் சமவெளியில் பர்மியர் பெரும்பான்மையர். அதனைச் சுற்றிய மலைகளிலும் எல்லைகளிலும் ஷான், கச்சின், சின், கரேன், கயா, மொன், அரக்கானியர் முதலிய இனத்தார் வாழ்கின்றனர். 1886இல் பர்மாவை இந்தியப் பேரரசின் ஒரு மாகாணமாக இணைத்துக்கொண்ட ஆங்கிலேயர், சமவெளியை ஒரு முறையாகவும் மலைப்பகுதிகளைப் பிறிதொரு முறையாகவும் ஆண்டனர். ஒரே கொடியின்கீழ் இரண்டு நாடுகள் வளர்ந்தன எனலாம்.

விடுதலை நெருங்கியபோது இவ்விரண்டையும் இணைக்கும் பொறுப்பு ஆங் சானுக்கு வாய்த்தது. 1947 பிப்ரவரி 12ஆம் நாள் ஷான் நாட்டுப் பாங்லாங் என்னும் ஊரில், ஷான், கச்சின், சின் தலைவர்களோடு அவர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். மலைநாட்டார் தம் உள்நாட்டு ஆட்சியில் தன்னுரிமை பெறுவர் என்பதே அதன் உயிர்நாடி. கரேன் இனத்தார் அதில் கையொப்பமிடவில்லை. எனினும் பல இனத்தார் மனமுவந்து ஒரு நாடாகக் கூடலாம் என்னும் நம்பிக்கை அங்குப் பிறந்தது.

அவ்வாண்டு சூலை 19ஆம் நாள் ஆங் சானும் அவருடைய அமைச்சர்களும் ஆலோசனைக் கூட்டத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். மாண்டவர்களுள் ஒருவர் கல்வி, நாட்டுத் திட்ட அமைச்சர் அப்துல் ரசாக். தந்தை இந்திய வழி முஸ்லிம். தாய் பர்மியப் பௌத்தர். மாந்தலேயில் தேசியப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து மாணவர் பலரை உருவாக்கியவர். அவருடைய பிறப்பிடம் மெய்க்திலா என்னும் நகரம். இவ்வூர்ப்பெயரை நாம் நினைவில் இருத்துவோம். மீண்டும் இதற்கு வர நேரும்.

நம்மவர் மீண்ட கதை

1948 சனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே கரேன் கிளர்ச்சி மூண்டது. மலைநாட்டார் கேட்ட கூட்டாட்சி குறித்து ரங்கூனில் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில், 1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கூட்டாட்சி நாட்டைத் துண்டாக்கிவிடும் என்பது படைத்துறை கூறிய காரணம். அன்று தொட்டு, 'ஒற்றுமையைக் காப்பவர் நாமே' என்னும் முழக்கம் அப்படையின் நிலையான முழக்கமாயிற்று.

இக்காலத்தில்தான் தமிழர் வாழ்வும் புரண்டது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வாழ்ந்தனர். ரங்கூன் நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. கூலி வேலைக்குச் சென்றோர், கடை வைத்தோர், அலுவலகப் பணி செய்தோர் எனப் பல திறத்தார் அவருள் அடங்குவர். நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தபோது, கடனைத் திருப்ப இயலாத உழவரின் நிலங்கள் அவர்கள் வசமாயின. கீழைப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த அவர்தம் நிலப்பங்கு, 1937இல் நூற்றுக்கு இருபத்தைந்தாக உயர்ந்தது. நிலமிழந்த உழவனின் மனக்குமுறலை அறியாமல் அந்நாட்டு இனப்பகையை அறிதல் இயலாது. 1930லும் 1938லும் இந்தியருக்கு எதிராகக் கலவரங்கள் வெடித்தன. 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பல லட்சம் இந்தியர் வெளியேறினர். காட்டு வழியே நடந்தோருள் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர்.

நே வின் ஆட்சி 1963, 1964ஆம் ஆண்டுகளில் வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமையாக்கியது. இந்தியர் மூன்று லட்சம் பேர் அளவில் வெளியேறினர். தமிழகத்திற்குக் கப்பலேறி வந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். சென்னைக் கடற்கரை நிலையத்தின் அருகிலுள்ள பர்மா பஜாரும், தமிழக நகரங்கள் பலவற்றில் காணும் 'பர்மா காலனி' என்னும் பெயரும் அவ்வரலாற்றின் எச்சங்கள். மீண்டும் பர்மாவுக்கே செல்ல விழைந்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்ட தமிழரும் உளர்.

ஆண்டொன்று கேட்கும் சட்டம்

நாட்டிலேயே தங்கிவிட்டோர் நிலை யாது? 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அதற்கு விடை கூறியது. பர்மியர், கச்சின், கரேன், ஷான் முதலிய இனத்தாரும், 1823ஆம் ஆண்டுக்கு முன்பே குடியேறியிருந்த இனத்தாருமே பிறப்புவழிக் குடிமக்கள். 1824இல் முதல் ஆங்கிலேய–பர்மியப் போர் தொடங்கியது. ஆகவே ஆங்கிலேயர் வருவதற்கு முன்பு இருந்தவரே மண்ணின் மக்கள் என்பது இதன் கருத்து. ஏனையோர் இணைக்குடிமக்கள், இயல்புரிமைக் குடிமக்கள் என்னும் கீழ்ப்படிகளில் நிறுத்தப்பட்டனர். பின்னர் அரசு வெளியிட்ட 135 இனங்களின் பட்டியலில் அரக்கானில் வாழும் ரோஹிங்கியா மக்கள் இடம்பெறவில்லை. அவர்கள் பிறந்த மண்ணிலேயே நாடற்றோர் ஆயினர்.

இதன் கடுமையை நம் பகுதியைக் கொண்டே உணரலாம். பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001இல் அரியலூர் மாவட்டம் பிரிந்தது. 2002இல் மீண்டும் இணைந்தது. 2007இல் மறுபடியும் பிரிந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் நம் எல்லைக்கோடு நான்கு முறை மாறியது. 'உம் பாட்டனார் எந்த ஆண்டில் இவ்வூருக்கு வந்தார்?' என்று அப்போது எவரும் நம்மைக் கேட்டதில்லை. கோடு நகர்ந்தது, நம் குடியுரிமை நகரவில்லை. பர்மாவிலோ, கோடு நிற்க மனிதனின் உரிமை நகர்ந்தது.

புதிய அரசும் அதன் சீர்திருத்தமும்

1988ஆம் ஆண்டு மக்கள் எழுச்சி குருதியில் அடக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆங் சானின் மகளார் ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயகக் கட்சி 485 இடங்களுள் 392 இடங்களை வென்றும் ஆட்சி கைமாறவில்லை. பின்னர்ப் படைத்துறை தன் விருப்பப்படி ஓர் அரசமைப்பை வகுத்தது. நர்கிஸ் புயல் பல்லாயிரவரைப் பலிகொண்ட 2008 மே மாதத்திலேயே, அதன்மீது பொதுவாக்கெடுப்பும் நடத்தியது.

அவ்வரசமைப்பின் உள்ளமைப்பை நோக்குவோம். நாடாளுமன்ற இடங்களுள் நான்கில் ஒரு பங்கு படைத்துறைக்கு உரியது. கீழவையின் 440 இடங்களுள் 110, மேலவையின் 224 இடங்களுள் 56. முதன்மையான விதிகளைத் திருத்த நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்ட உறுப்பினரின் ஆதரவு வேண்டும். படைத்துறை இசையாமல் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது என்பதே இதன் பொருள். பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று துறைகளின் அமைச்சர்களைப் படைத்தலைவரே தெரிவு செய்வார். வீட்டின் சாவியைத் தந்துவிட்டு நிலைக்கதவைத் தம்மிடமே வைத்துக்கொண்டதற்கு இது ஒப்பாகும்.

2011 மார்ச் 30ஆம் நாள், முன்னாள் தளபதி தேன் செய்ன் இவ்வரசமைப்பின்கீழ்க் குடியரசுத் தலைவரானார். அவர் செய்தவற்றை மறைத்தல் நேர்மையாகாது. அவ்வாண்டு ஆகஸ்டில் சூகியைச் சந்தித்தார். மக்கள் எதிர்ப்பை மதித்து, ஐராவதியின் தலைப்பில் சீன நிறுவனம் கட்டிய மியித்சோன் அணைப் பணியைச் செப்டம்பரில் நிறுத்தினார். அரசியல் கைதிகள் பலர் விடுதலையாயினர். தொழிற்சங்கம் அமைக்கச் சட்டம் வந்தது. 2012 ஏப்ரல் இடைத்தேர்தலில் சூகியின் கட்சி போட்டியிட்ட 44 இடங்களுள் 43ஐ வென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் இதழ்களுக்கு முன்தணிக்கை நீங்கியது; 2013 ஏப்ரலில் தனியார் நாளிதழ்கள் மீண்டும் வெளிவந்தன. அரை நூற்றாண்டு மூடிக்கிடந்த சாளரங்கள் திறந்தன.

சாளரம் திறந்தது, தீயும் புகுந்தது

ஆயினும் புதிய அரசு அமைந்து மூன்று திங்கள் முடியுமுன்னரே, 2011 சூன் மாதம், பதினேழு ஆண்டுகள் நிலவிய கச்சின் போர்நிறுத்தம் முறிந்தது. தாக்குதலை நிறுத்துமாறு குடியரசுத் தலைவர் டிசம்பரில் ஆணையிட்டார், படை நிறுத்தவில்லை. 2012ஆம் ஆண்டின் இறுதியில் வானூர்திகளிலிருந்தும் குண்டு பொழிந்தது. கச்சின் மக்கள் ஒரு லட்சம் பேர் அளவில் வீடிழந்தனர். கரேன் அமைப்போடு 2012 சனவரியில் போர்நிறுத்தம் உண்டானது உண்மையே. எனினும் 2015 அக்டோபரில் நாடு தழுவிய போர்நிறுத்த உடன்படிக்கை எழுதப்பட்டபோது, கையொப்பமிட்ட ஆயுதக் குழுக்கள் எட்டே. கச்சின் அமைப்பு உள்ளிட்ட வலிமைமிக்க குழுக்கள் விலகி நின்றன. அவர்கள் கேட்டது துப்பாக்கியின் ஓய்வை மட்டுமன்று. பாங்லாங்கில் தந்த வாக்கையும் கேட்டனர்.

பேச்சுரிமை வந்தபோது பகைப் பேச்சும் உடன் வந்தது. 2012 சூன், அக்டோபர் மாதங்களில் அரக்கானில் நிகழ்ந்த வன்முறையால் வீடிழந்தோர் ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ரோஹிங்கியா மக்கள். அக்டோபரில் தாக்கப்பட்டோருள் கமான் இனத்தாரும் உண்டு. கமான் முஸ்லிம்கள் 135 இனங்களின் பட்டியலில் இடம்பெற்றவர், சட்டப்படி முழுக்குடிமக்கள். சிலர் உரிமையை மறுக்கும் நாட்டில், உரிமை பெற்றவனின் கதவும் காப்பாகாது என்பதற்கு அவர்கள் சான்றாயினர்.

2013 மார்ச் மாதம் மெய்க்திலா எரிந்தது. நகைக்கடையொன்றில் எழுந்த தகராறு, பௌத்தத் துறவி ஒருவரின் கொலை, அதனைத் தொடர்ந்த பழிவாங்கல் என மூன்று நாள்கள் வன்முறை நீடித்தது. மதரசா மாணவரும் ஆசிரியரும் உள்ளிட்ட நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் கல்வி அமைச்சராக இருந்து உயிர்நீத்த ரசாக் பிறந்த ஊர் அது. அவ்வூரிலேயே, கற்க வந்த சிறார் கொல்லப்பட்டனர். ஆசிரியரும் மாணவரும் கூடி வெளியிடும் இம்மலரில் இதனை எழுதும்போது நம் கை தயங்குகின்றது.

அதே ஊரில் மூத்த பௌத்தத் துறவி ஒருவர் தம் மடாலயத்தைத் திறந்து, நூற்றுக்கணக்கான முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்தார் என்பதையும் எழுதியாக வேண்டும். ஒரு சமயத்தார் பிறிதொரு சமயத்தாரைக் கொன்றனர் என்று கூறி முடித்தால் அத்துறவிக்கு நாம் இழைக்கும் அநீதி பெரிது.

எண்ணப்படாத பத்து லட்சம்

மக்களாட்சி என்பது தலைகளை எண்ணும் முறை. எந்தத் தலைகளை எண்ணுவது என்னும் வினா அதற்கும் முந்தையது. 2014இல் பர்மாவில் முப்பதாண்டுகளுக்குப் பின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 'ரோஹிங்கியா' எனத் தம்மைக் கூறியோர் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அரக்கானில் ஏறத்தாழ பத்து லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் எண்ணப்படாமல் விடப்பட்டனர். 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் தற்காலிக வெள்ளை அட்டை கொண்டு வாக்களித்த அவர்களின் அவ்வட்டைகள் 2015இல் செல்லாதவையாயின. படையாட்சியின் தேர்தலில் இருந்த வாக்கு, சீர்திருத்தத்தின் தேர்தலில் பறிபோயிற்று!

2015 நவம்பர் தேர்தலில் சூகியின் கட்சி பெருவெற்றி பெற்றது. ஆனால் அக்கட்சி முஸ்லிம் ஒருவரையும் வேட்பாளராக நிறுத்தவில்லை. பெரும்பான்மையின் சினத்துக்கு அஞ்சியது போலும். அரசமைப்பைத் திருத்தும் வழிகளை ஆராய்ந்துவந்த அக்கட்சியின் சட்ட ஆலோசகர் கோ நீ, முஸ்லிம் வழக்கறிஞர், 2017 சனவரி 29ஆம் நாள் யாங்கோன் வானூர்தி நிலையத்தின் வாயிலில், பேரக்குழந்தையைக் கையில் ஏந்தி நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளியைத் துரத்திய வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரும் உயிரிழந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், ஆயுதக்குழு ஒன்று காவல் நிலையங்களைத் தாக்கியதையடுத்துப் படை நடத்திய வேட்டையால், ரோஹிங்கியா மக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்திற்கு ஓடினர். 2019 டிசம்பரில் பன்னாட்டு நீதிமன்றத்தில், நாட்டின் மீதான இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்துச் சூகியே வாதிட்டார்.

அங்ஙனம் வாதிட்டும் படைத்துறை அவரை விட்டுவைக்கவில்லை. 2020 நவம்பர்த் தேர்தலில் அவர் கட்சி மீண்டும் வென்றது. 2021 பிப்ரவரி 1ஆம் நாள், புதிய நாடாளுமன்றம் கூடவேண்டிய அதே நாளில், படைத்துறை ஆட்சியைப் பறித்து அவரைச் சிறைப்படுத்தியது. 2023இல் அவர் கட்சியும் கலைக்கப்பட்டது. 2024இல் கட்டாயப் படைச்சேர்ப்பு நடைமுறைக்கு வந்தபோது, குடிமக்கள் அல்லர் என்று தள்ளிய ரோஹிங்கியா இளைஞரையே படைத்துறை பிடித்துச் சென்று சீருடை அணிவித்தது. 2025 டிசம்பரில் கட்டம் கட்டமாக ஒரு தேர்தலையும் அது தொடங்கியது. 2010இல் ஆடிய ஆட்டத்தின் மறுபதிப்பே அது என்பார் கூற்றை மறுத்தல் எளிதன்று.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. பேச்சுரிமை, தேர்தல், இதழுரிமை ஆகியவை உயர்ந்தவை. ஆயினும் அவை சுவர்கள். சமக்குடியுரிமை என்பதே அடித்தளம். அடித்தளமிடாது எழுப்பிய சுவர், கட்டியவர் மீதே விழும். ரோஹிங்கியாவுக்கு உரிமை இல்லை என்றபோது வாளாவிருந்த பெரும்பான்மையினர், தம் வாக்குக்கும் மதிப்பில்லை என்பதை 2021இல் கண்டனர்.

கண்டவர் சிலர் மனம் மாறினர் என்பது ஆறுதல். ஆட்சிப் பறிப்புக்குப் பின்னர்ப் பர்மிய இளைஞர் பலர், தாம் முன்பு காத்த மௌனத்துக்காக ரோஹிங்கியா மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினர். படையாட்சியை எதிர்த்து அமைந்த தேசிய ஒற்றுமை அரசு, 1982ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிப் புதிய சட்டம் இயற்றுவதாக 2021 சூனில் அறிவித்தது. அறிவிப்பு ஆட்சியாகும் நாள் எப்போது என்பதைக் காலமே கூறும். எனினும் பாங்லாங்கின் வாக்குறுதி எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் மடிந்துவிடவில்லை.

நம் மாணவருள் பலர் நாளை கடல்கடந்து பணிபுரியச் செல்வர். பாஸ்போர்ட்டும் விசாவும் அக்காமாவும் கொண்டு பிறர் நாட்டில் வாழ்வோர்க்கு, ஒரு தாளில் தம் வாழ்வு தொங்குவதன் பொருள் தெரியும். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய முதியோர்க்கும் அது தெரியும். அந்நினைவோடு நம் ஊருக்கு வந்து குடியேறிய அயலாரை நோக்குவோமாயின், அவர் எந்த ஆண்டில் வந்தார் என்று கேட்கும் எண்ணம் நமக்கு எழாது.